நெஞ்சு படபடப்பும் இயற்கை மருத்துவமும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் வலி என்று வருவார்கள். பார்த்து முடித்ததும் எழுந்து கதவு வரை போய்விட்டு, கைப்பிடியில் கை வைத்தபடியே திரும்புவார்கள்: "டாக்டர், இன்னொண்ணு கேக்கலாமா?" பல நேரம் அந்த இன்னொன்றுக்காகத்தான் வந்திருப்பார்கள். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, காரணமே இல்லாமல் பயமாக இருக்கிறது. கடலூரில் யோகா, இயற்கை மருத்துவம் பார்க்கிற நான், அப்படிக் கதவருகே நின்று கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு வாயுத் தொல்லைதான். நெஞ்சை அடைக்கிறது, கை மரத்துப் போகிறது. இதைப் போய்ப் பதற்றம் என்கிறார்களே?

நம் பக்கம் பதற்றத்துக்கு முதல் பெயர் 'கேஸ்'. ஒரு சோடா, ஓமத் தண்ணீர், அப்புறம் வயிற்று மாத்திரை என்று மாதக்கணக்கில் ஓடிவிடும்.

முதலில் ஒன்று. நெஞ்சு அடைத்து, வலி தோளுக்கோ தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-க்குச் சொல்லுங்கள், ஈ.சி.ஜி. எடுங்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் வேறு காரணங்கள் இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு அதிகம் சுரப்பது, சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் மருந்து என எல்லாமே படபடப்பைத் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் பல குழப்பம் தீர்ந்துவிடும்.

அதெல்லாம் சரியாக இருந்தும் வருகிறதா? உடம்பு ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று எண்ணி அட்ரினலினைச் சுரக்கிறது. மூச்சு வேகமாகிறது. வேகமாக விட விட ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப் போவதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை லேசாவதும் அதனால்தான். நீங்கள் நடிக்கவில்லை, கற்பனையும் செய்யவில்லை. நிஜமாகவே உடம்பில் நடக்கிறது. உடம்பில் நடப்பதால்தான் உடம்பின் வழியாகவே அதைத் தணிக்கவும் முடிகிறது. இயற்கை மருத்துவம் இதில் உள்ளே வருவது அந்த வாசல் வழியாகத்தான்.

இது நரம்புத் தளர்ச்சியா?

இல்லை. சுவரொட்டியில் போட்டிருக்கும் அந்தச் சொல்லுக்கு மருத்துவத்தில் தனி நோய் கிடையாது. உங்கள் நரம்பு தளரவில்லை. அளவுக்கு மேல் விழிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை நம்பி டானிக்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

இயற்கை மருத்துவம் என்றால் சித்த மருத்துவமா, நாட்டு மருந்தா?

இரண்டும் இல்லை. சித்தாவில் சூரணம், லேகியம், பற்பம் உண்டு. இயற்கை மருத்துவத்தில் மருந்தே கிடையாது. நீர், மண், வெயில், உணவு, உண்ணாதிருத்தல், தடவல், யோகா இவைதான் கருவிகள். இதற்கென்று பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. சிகிச்சை தருகிறவர் அதைப் படித்துப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. என்னிடமும் கேட்கலாம்.

இதெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

சிலவற்றுக்கு நன்றாக இருக்கிறது. சிலவற்றுக்குக் குறைவு. எதற்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை.

2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட பதற்றம் உள்ள 226 பேரை மூன்றாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். யோகா செய்தவர்களில் 54 சதவீதம் பேர் தேறினார்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம். மன அழுத்தம் பற்றிய வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது உளவியல் சிகிச்சையின் பலன் உறுதியாக நின்றது, யோகாவின் பலன் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வில் 276 பேர். எட்டு வார மனஒருமைப் பயிற்சியும், பதற்றத்துக்குத் தரும் எஸ்சிடலோபிராம் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. அந்தப் பயிற்சிக்காரர்கள் தினமும் முக்கால் மணி நேரம் வீட்டிலும் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடற்பயிற்சிக்கும் தூக்க ஒழுங்குக்கும் நல்ல ஆதாரம் உண்டு. மண் பட்டி, இடுப்புக் குளியல் போன்றவற்றுக்குப் பெரிய ஆய்வுகள் குறைவு. அனுபவத்தில் இதமாக இருக்கிறது, சரியாகச் செய்தால் கெடுதல் இல்லை என்ற அளவில்தான் நான் அவற்றைத் தருகிறேன்.

நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் யோகா சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் 2008-இல் தனி மையம் தொடங்கினார்கள்.

மாத்திரை சாப்பிடுகிறேன். அதை நிறுத்திவிட்டு உங்களிடம் வரலாமா?

வாருங்கள், மாத்திரையோடு வாருங்கள்.

சில வருடம் முன்பு ஒரு இளைஞர் வந்தார். சட்டைப் பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. வேறொரு ஊரில் நடந்த ஒரு முகாமில், "ரசாயனம் உள்ளே இருக்கிற வரைக்கும் இயற்கை வேலை செய்யாது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டுவந்த குளோனசிபாம் என்ற பதற்ற மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் பஸ்ஸில் வலிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டதால் அடிபடாமல் தப்பினார். அந்த அட்டையை என் மேசையில் வைத்து, "நான் பண்ணது தப்பா டாக்டர்?" என்று அவர் கேட்டது இன்னும் எனக்கு வலிக்கிறது. தப்பு அவருடையது இல்லை.

அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகளைப் பல வாரம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் அவற்றையும் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரும். அவை வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை, பத்து நாளில் "பிரயோஜனமில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை எழுதிக்கொடுத்த மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

எந்த மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும்?

மெதுவானது. டி.வி.யைப் பார்த்துக் கபாலபாதியும் பஸ்திரிகாவும் செய்துவிட்டு, "பயம் அதிகமாயிடுச்சு" என்று வருகிறவர்கள் உண்டு. ஆச்சரியமில்லை. வேகமூச்சு என்பது பயம் வரும்போது உடம்பு தானே செய்வதுதான். பதற்றம் உள்ளவர்கள் இந்த இரண்டையும் ஆரம்பத்தில் தொட வேண்டாம்.

முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சம்மணம் போட முடியாவிட்டால் நாற்காலி போதும். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். விடும் மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கீழே இறக்கும். நாடியில் விரல் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். ஐந்து நிமிடம், காலையும் இரவும். இது பழகியதும் நாடிசுத்தி, அதாவது மூக்கின் ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றி மூச்சு விடுவது, சேர்க்கலாம், மூச்சை அடக்காமல். பிராமரி, அதாவது வாயை மூடி வண்டு போல ரீங்காரமிடுவது, பலருக்குப் பிடித்துவிடுகிறது. சத்தம் காதுக்குள் நிறையும்போது யோசனைக்கு இடமில்லாமல் போகிறது.

கண்ணை மூடினால் பயம் கூடுகிறதா? திறந்தே செய்யுங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும்.

பயம் வந்துவிட்ட அந்த நேரத்தில் என்ன செய்வது?

குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவுங்கள், கண்ணையும் நெற்றியையும் சேர்த்து. நெஞ்சுத் துடிப்பு சற்று அடங்கும். பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும். மூச்சை விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள், இழுப்பது தானாக நடக்கும். பாலிதீன் பைக்குள் மூச்சு விடுவது வேண்டாம். இந்த அலை பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு இறங்கிவிடும். கூட இருப்பவர்கள் "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்தால் அதுவே பெரிய உதவி.

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே எனக்கு ஆகவில்லை. காற்று எழும்பினால் உடம்பு நடுங்குகிறது. இது எனக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. கடலூர்க்காரர்களிடம் இந்தக் கேள்விக்கு நான் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியது, பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த பலா மரமும் முந்திரித் தோப்பும் ஒரே காலையில் படுத்துவிட்டன. 2015-இல் வெள்ளம். 2024-இல் ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வந்த தண்ணீர். இத்தனையும் பார்த்த உடம்பு காற்றுச் சத்தத்தை மறக்காது. மறக்காமல் இருப்பது அதன் வேலை. சத்தம் கேட்டவுடன் மனசு யோசிப்பதற்கு முன்னால் கை வியர்த்துவிடுகிறது.

பக்கத்து ஊரிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு, தகரக் கூரை லேசாக 'டப்' என்று அடித்தால் போதும், இரவு முழுக்கத் தூக்கம் போய்விடும். அவருக்கு நான் சொன்ன முதல் சிகிச்சை ஓர் ஆணி. கூரையில் தளர்ந்திருந்த தகரத்தை மகனைவிட்டு அடிக்கச் சொன்னேன். அடுத்தது, வானிலை செய்தி காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, வானிலை ஆய்வு மையம் சொல்வது மட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் சிவப்பு வட்டப் படங்கள் கிடையாது. மூன்றாவது, பாதக் குளியல்.

ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி அல்லது அன்னக்கூடை. கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் மூழ்கும் அளவு வெந்நீர். சூடு சுமார் 40 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் முழங்கையை விட்டுப் பாருங்கள், சுடாமல் இதமாக இருக்க வேண்டும். முன்னதாக ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தலையில் ஈரத் துண்டு போட்டு, கால்களை உள்ளே வைத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ரத்தம் காலுக்கு இறங்கும், தலை பாரம் குறையும், நெற்றியில் லேசாக வியர்க்கும். எடுத்ததும் துடைத்துவிட்டு நேராகப் படுக்கை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. சுடுவது தெரியாமல் வெந்துவிடும்.

இவற்றோடு, புயல் நாட்களின் காட்சி பகலிலும் கனவிலும் திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு உளவியல் சிகிச்சையும் தேவை. வெந்நீர் மட்டும் போதாது.

மண் பட்டி, இடுப்புக் குளியல் எல்லாம் எதற்கு?

மண் பட்டிக்கு மேல்மண் உதவாது. மூன்று, நான்கு அடி ஆழத்தில் எடுத்த வண்டல் மண்ணை வெயிலில் காயவைத்து, சலித்து, இரவே ஊறவைத்து, மெல்லிய துணியில் அரை அங்குலத் தடிமனில் மடித்து அடிவயிற்றிலும் கண்மேலும் வைப்போம். இருபதிலிருந்து முப்பது நிமிடம். ஈர மண் மெதுவாகச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கண் மூடி அசையாமல் கிடப்பதும் பாதிச் சிகிச்சை. தொழிற்பேட்டை அருகிலும் பூச்சிமருந்து அடித்த வயலிலும் மண் எடுக்காதீர்கள்.

இடுப்புக் குளியல் ஜெர்மனியின் லூயிஸ் கூனே பரப்பியது, காந்தி கடைப்பிடித்தது. தொப்புள் முதல் தொடை வரை தண்ணீரில், கால் வெளியே. வயிறு உப்புசமும் பதற்றமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இதம் தருவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டவுடன், மாதவிடாய் நாட்களில், காய்ச்சலில் வேண்டாம். முதல் சில தடவை மருத்துவமனையிலேயே செய்து பழகுங்கள்.

காபியை விட வேண்டுமா?

மதியத்துக்கு மேல் விடுங்கள். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். மாலை ஐந்து மணிக் காபி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி வரும், அதனால் ஒரு தம்ளரை அரைத் தம்ளராக்கி இறங்குங்கள்.

சாப்பாட்டில் எனக்குள்ள முதல் கவலை காலை உணவு. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்குக் காபியோடு எதையோ கொறிக்கிற பெண்களுக்குத்தான் பகல் படபடப்பு அதிகம் பார்க்கிறேன். எட்டு மணிக்கு ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ, கம்பங்கூழோ, பழைய சோறும் மோருமோ போதும். கொஞ்சம் வேர்க்கடலை சேர்ந்தால் நல்லது. இயற்கை மருத்துவத்தில் அசைவம் கூடாது என்பார்கள். தேவனாம்பட்டினத்து வீடுகளில் போய் மத்தி மீனை விடச் சொல்ல எனக்கு மனசில்லை, தேவையும் இல்லை. ஒமேகா-3 கொழுப்பும் பி12-உம் உள்ள உணவு அது. குழம்பாக வையுங்கள், பொரிப்பதைக் குறையுங்கள்.

விரதம் இருக்கலாமா?

பதற்றம் கடுமையாக இருக்கும்போது வேண்டாம். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், எடை குறைந்தவர்கள் எப்போதும் வேண்டாம்.

இரண்டு ரவுண்டு போட்டால்தான் தூக்கம் வருகிறது. அதில் என்ன தப்பு?

முள்ளோடை எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி மதுக்கடை என்கிற ஊரில் இருக்கிறோம், அதனால் இதை ஒளிக்காமல் பேசுவோம். குடி முதல் இரண்டு மணி நேரம் பதற்றத்தை அமுக்கும். பின்னிரவில் இறங்கும்போது அமுக்கியதெல்லாம் எழுந்து வரும். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்து விழிப்பது அதுதான். மறுநாள் பயம் கூடும், அதற்கு மறுபடி குடி. தினமும் நிறையக் குடிப்பவர்கள் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். மருத்துவமனைத் துணையோடு நிறுத்துங்கள்.

அமுக்கரா, வல்லாரை, சாதிக்காய் சாப்பிடலாமா?

இவை சித்த மருந்துகள், சித்த மருத்துவரைக் கேட்டுத்தான். எனக்குத் தெரிந்த எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன். அமுக்கரா சில சிறிய ஆய்வுகளில் பதற்றத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் தைராய்டு அளவை மாற்றலாம், தூக்க மாத்திரையின் மயக்கத்தைக் கூட்டலாம், அரிதாக ஈரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். சாதிக்காயைப் பாட்டி பாலில் ஒரு சிட்டிகைதான் உரசிப் போட்டார். கரண்டிக் கணக்கில் போட்டால் அது விஷம், படபடப்பும் பிரமையும் வரும். வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

யோகா வகுப்புக்கெல்லாம் எங்களுக்கு எங்கே நேரம்?

நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தினம் இருபது நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய வந்துவிடும். காலை வெயிலில் நடந்தால் இரவுத் தூக்கமும் நேரத்துக்கு வரும். சில்வர் பீச் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது நல்ல உழைப்பு. கடலில் இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. பெண்கள் தனியாகப் போகத் தயங்கினால் தெருவில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே நடப்பதில் பாதி மருந்து பேச்சில் இருக்கிறது.

படுத்தால் தூக்கம் வரவில்லையே?

எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும். இருபது நிமிடமாகியும் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், சொக்கும்போது படுங்கள். போன் வேறு அறையில்.

மந்திரித்துக் கயிறு கட்டினோம். தப்பா?

தப்பில்லை. பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்தால் மனசு அடங்குகிறது என்றால் போய் உட்காருங்கள். தர்காவோ தேவாலயமோ அதேதான். அடிப்பது, கட்டிவைப்பது, புகை போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இவை இருக்கும் இடத்தில் ஒரு நிமிடமும் இருக்காதீர்கள்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பல வாரமாகப் பெரும்பாலான நாட்களில் கவலை விடவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் மூன்றிலும் மனநலம் பார்க்கிறார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அதை யாரிடமாவது அன்றே சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் "என்ன பேச்சு இது" என்று வாயை அடைக்காமல், தனியே விடாமல், கூட்டிக்கொண்டு வாருங்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஒரு டவுன் பஸ்ஸில் ஐம்பது பேர் என்றால் ஐந்து பேர். நீங்கள் தனி ஆள் இல்லை.

எத்தனை நாளில் தெரியும்?

பாதக் குளியலின் இதம் அன்றிரவே தெரியும். மூச்சுப் பயிற்சிக்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். மொத்தமாக மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம். நடுவில் மோசமான நாள் வரும், வந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டாம். பத்துக்கு எத்தனை பயம் என்று தினமும் ஓர் எண் எழுதிவைக்கச் சொல்வேன்.

தகரக் கூரை அம்மா அதைத் தினசரி காலண்டரில் எழுதினார். கிழித்த தாள்களின் பின்பக்கம், பென்சிலில். ஒரு மாதத் தாளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வந்தார். ஃபெஞ்சல் கரையேறிய 2024 நவம்பர் 30 தாளை நான் தேடி எடுத்தேன். கரண்டு இல்லாத இரவு, எழுத்து கோணலாக இருந்தது. "9. காத்து சத்தம். கால் தண்ணி வெச்சேன். 6. தூங்கினேன்."